ஓர்மோன் சுமத்திய பழி

கரகோலிலிருந்து பாலிக்சிக்கு ஏரியோரமாக வேன் ஓட்டும் ஓர்மோனுக்கு வண்டியைவிட வாய் வேகம். வயது நாற்பத்தாறு. யார் ஏறினாலும் பாதி வழி போவதற்குள் அவர் வீட்டுக் கதை முழுவதையும் கறந்துவிடுவான். இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். அதனால் அவனுடைய வண்டிக்காகக் காத்திருந்து ஏறுகிறவர்களும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டில் நான்கு டிரைவர்கள் கூடி, டிவியில் பழைய கால்பந்து கேம் ஆடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆடிவரும் ஆட்டம் அது. அதில் ஓர்மோனை அடிக்க ஆள் கிடையாது. போன குளிர்காலத்தில் கேம் பெட்டி செத்துப்போனபோது, தலைநகர் பிஷ்கெக்கில் படிக்கும் மகள் ஐசிரெக் வீட்டு லேப்டாப்பில் ஒரு எமுலேட்டரைப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பழைய பெட்டி செய்த வேலையையெல்லாம் லேப்டாப்பையே செய்யவைக்கும் மென்பொருள். லேப்டாப்பை டிவியோடு இணைத்தார்கள். ஆட்டம் முன்புபோலவே ஓடியது. ஓர்மோனும் முன்புபோலவே ஜெயித்தான்.

இலையுதிர் காலத்தில் லேப்டாப் சூடாகி இரைய ஆரம்பித்தது. பஜாரில் ஒரு இரும்புக் கன்டெய்னருக்குள் கடை வைத்திருந்த புர்மகானிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். முப்பது தாண்டிய பெண். அதிகம் பேசமாட்டாள். தூசி தட்டி, விசிறியை மாற்றி, இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மானம் போனது. ஆட்டம் தொடங்கியதும் பந்து தண்ணீருக்குள் போவதுபோல மிதந்தது. வர்ணனைக்காரனின் குரல் ஈனமுடியாத மாடு மாதிரி இழுத்தது. ஓர்மோன் பொத்தானை அழுத்தி மூச்சு விட்ட பிறகுதான் அவன் ஆள் காலைத் தூக்கினான்.

"என்னப்பா, உன் கோல்கீப்பர் டீ குடிச்சு முடிச்சுட்டுத்தான் குதிப்பானா?" என்றான் சாதிர்குல். இருபது வருஷமாக அவனிடம் தோற்றுக்கொண்டிருப்பவன்.

"இவனுக்கும் வயசாயிடுச்சு, இவன் டீமுக்கும் வயசாயிடுச்சு" என்றான் இன்னொருவன்.

அன்று நான்கு ஆட்டத்திலும் ஓர்மோன் தோற்றான். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சாதிர்குல் ஒரு வார்த்தை சொன்னான்: "ரிப்பேருக்குக் குடுத்தியா? அப்ப உள்ள இருந்த நல்ல சாமான உருவிட்டு மட்டமானத வச்சிருப்பா. பஜார்ல நடக்காததா?"

அந்த வார்த்தை ஓர்மோனுக்கு வெல்லமாக இனித்தது. தோல்விக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா.

மறுநாள் காலை, கூட்டம் நிறைந்த நேரத்தில், கன்டெய்னர் முன்னால் போய் நின்று கத்தினான். "நல்ல சாமான உருவிட்டு குப்பையப் போட்டு ஏமாத்துறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

கடைக்குள் இரண்டு பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் குளிர் நூடுல்ஸ் விற்கிற பெண்கள் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். புர்மகானின் முகம் சிவந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை, அண்ணன் முறை வைத்தே பேசினாள்.

"பைகே, உள்ள வாங்க, உக்காருங்க. உங்க கண்ணு முன்னாடியே திறந்து காட்டறேன். உங்க சார்ஜரையும் கொண்டு வாங்க. அதையும் போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"பேச்ச மாத்தாத. ஒளிக்கத் தெரிஞ்சவளுக்குத் திறந்து காட்டவா தெரியாது?"

அதோடு விட்டானா? வண்டியில் உட்கார்ந்து, டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரலைப் பதிந்து அனுப்பினான்: "புர்மகான் கடைக்கு யாரும் போகாதீங்க. கை நீளம்." அந்தக் குழுவில் இருநூறு பேருக்கு மேல். டிரைவர் காதில் விழுந்தது பயணி காதில் விழ எவ்வளவு நேரமாகும்? சாயங்காலத்துக்குள் ஏரியைச் சுற்றி வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஐசிரெக் விடுமுறைக்கு வந்தாள். லேப்டாப்பைத் திறந்தவள், திரையில் வந்த நான்கு வரியைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது தினமும் வருதா?" என்று கேட்டாள்.

"ஆமா, ஏதோ இங்கிலீஷ்ல வரும். நான் தட்டிவிட்டுடுவேன்."

"சார்ஜருக்குச் சக்தி பத்தல, அதனால மெதுவாத்தான் ஓடுவேன்னு சொல்லுது. இது என் சின்ன லேப்டாப்போட சார்ஜர். போன தடவ, லேப்டாப் ரிப்பேர்ல இருந்தப்போ வந்தேன்ல, அப்ப மாத்தி எடுத்துட்டுப் போயிட்டேன் போல. உங்களோடது என் பையில இருக்கு."

கொண்டுவந்து சொருகினாள். பந்து பறந்தது. வர்ணனைக்காரன் தொண்டை திறந்தது.

ஓர்மோன் கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். சார்ஜரையும் கொண்டு வாங்க என்று புர்மகான் சொன்னது காதில் வந்து அறைந்தது.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றான் மகளிடம். எதைச் சொல்லக்கூடாது என்று அவளுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. ஆட்டம் பழையபடி ஓடுவதைப் பார்த்ததும் சாதிர்குல் ஓர்மோனின் முதுகில் ஓங்கித் தட்டினான். "அடேயப்பா! உருவுனத அவகிட்டயிருந்து திரும்ப வாங்கிட்டியா? சிங்கம்டா நீ!"

இல்லை என்று சொல்ல ஓர்மோன் வாயைத் திறந்தான். ஊரிலேயே பெரிய வாய். அதை மூடிக்கொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தான்.

டீ ஊற்ற வந்த ஐசிரெக் அதைப் பார்த்தாள். ஒரு கிண்ணம்கூட ஊற்றாமல், கெட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஓர்மோன்தான் ஊற்றினான்.

செவ்வாய்க்கிழமை அவள் பிஷ்கெக்குக்குத் திரும்பக் கிளம்பினாள், பாலிக்சி வரை அப்பாவின் வேனிலேயே. வழக்கமாக முன்சீட்டில் உட்காருகிறவள் கடைசி வரிசைக்குப் போனாள். முன்சீட்டில் ஏறிய ஒரு பெண் தன் உடைந்த போனைக் காட்டிப் புலம்பினாள்.

"பஜார்ல ஒருத்தி நல்லாப் பண்ணுவா. இப்பக் கடையத் திறக்கறதே இல்ல. காலையில நூடுல்ஸ் கடையில கிண்ணம் கழுவுறா. யாரோ ஒரு டிரைவர் திருடின்னு சொல்லிட்டானாம். உங்களுக்குத் தெரியுமா அவன?"

ஓர்மோன் கண்ணாடியில் பார்த்தான். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று பாலிக்சி வரைக்கும் அவன் வாயே திறக்கவில்லை. உடம்புக்கு முடியலையா என்று பயணிகள் கேட்டார்கள்.

மறுநாள் காலை அவன் நூடுல்ஸ் கடைக்குப் போனான். ஈரக் கையோடு நின்ற புர்மகானிடம், தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான்: சார்ஜர், படிக்காமல் தட்டிவிட்ட வரிகள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டிய தலை வரைக்கும்.

அவள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் திருடலேன்னு எனக்குத் தெரியும். எங்க கத்தினீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

போனான். பூட்டிய கன்டெய்னர் முன்னால் நின்று, நூடுல்ஸ் பெண்களும் செருப்புக்கடைக்காரனும் கேட்க, "தப்பு என்னோடது. அவ மேல ஒரு குத்தமும் இல்ல" என்றான். கத்தும்போது எளிதாக வந்த குரல் இப்போது பாதியில் அறுந்து அறுந்து வந்தது. அங்கேயே நின்று டிரைவர் குழுவுக்கும் குரல் பதிந்தான். மூன்று தடவை பதிந்து மூன்று தடவை அழித்தான். நான்காவதை அனுப்பினான். சாதிர்குலுக்கு நேரில் போய்ச் சொன்னான். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றிலிருந்து வேன் நிலையத்தில் ஓர்மோனுக்குப் பெயர் 'சார்ஜர்'.

பெயர் போனால் போகட்டும். அன்று நூடுல்ஸ் கடையிலிருந்து கிளம்பும்போது புர்மகான் கடைசியாகச் சொன்னதுதான் அவனை அரித்தது. "சாப்பிட உக்காந்தப்போ என் மாமியார், நெசமாம்மான்னு கேட்டாங்க. என் புருஷன் தட்டையே பாத்துட்டிருந்தாரு. அத நீங்க எந்தக் குழுவுல போட்டு அழிப்பீங்க?"

பனி விழ ஆரம்பித்தபோது கன்டெய்னர் மறுபடி திறந்தது. ஆட்கள் வந்தார்கள், முன்புபோல இல்லை. போன் உடைந்த பயணிகளை ஓர்மோனே வேனை நிறுத்தி அங்கே இறக்கிவிடுவான், தான் இறங்கமாட்டான்.

ஒருநாள் அவனுடைய போனே விழுந்து உடைந்தது. வேறு கடைக்குப் போக மனம் வரவில்லை. புர்மகான் வணக்கமும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. போனைத் திறந்து, உள்ளே இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எண்களோடு ஒரு தாளில் எழுதி அவன் பக்கம் தள்ளினாள்.

"இப்பல்லாம் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கறேன். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

ஓர்மோன் ஒரு வரி விடாமல் படித்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தான்.