எண்ணூர்ச் சேற்றில் உளுவையோடு போட்டி

எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கி, முகத்துவாரக்குப்பத்துக் கல்யாணத்துக்குப் போகிறேன். தண்ணீர் இறங்கிய கழிமுகத்தில் குறுக்கு வழி கண்டுபிடித்த புத்திசாலி, இப்போது முழங்கால்வரை சேற்றில் நிற்கிறேன். இழுக்க இழுக்கக் கால் இன்னும் இறங்குகிறது. கடல் திரும்பி ஏறுகிறது. "ஐயோ!" என்று அலறிவிட்டு, மானம் காக்க அதையே பாட்டாக இழுக்கிறேன்.

பாறையில் சிப்பி பெயர்க்கும் பெண் ஏமாறவில்லை. "இன்னா நைனா, கச்சேரியா? இரு, கவுறு எட்தாறேன். கன்னுக்குட்டி மாதிரி இஸ்துடலாம்."

கல்யாண வீட்டார் பார்க்கக் கயிற்றில் வருவதா? "வேணாம்!" என்கிறேன்.

"வேணாமா? தண்ணி வந்துகினு கீது!"

எதிரில் ஓர் உளுவை மீன், தண்ணீரை விட்டு வெளியே வந்து, சேற்றில் உட்கார்ந்து என்னை முழித்துப் பார்க்கிறது. தோல் காய்ந்தால் பக்கத்துக் குட்டையில் ஒரு புரளல். பிறகு வயிற்றைப் பதித்து, முன்துடுப்பை ஊன்றி நகர்கிறது. அது எழுந்து நிற்பதே இல்லை, அதனால் புதைவதும் இல்லை. விரல் நீள மீனுக்கு முடிகிறது, எனக்கா முடியாது?

புது வேட்டியோடு குப்புற விழுந்து முழங்கையை ஊன்றுகிறேன். கால்கள் ஒவ்வொன்றாகச் சேற்றிலிருந்து கழல்கின்றன. செருப்பு இரண்டும் கடலுக்குத் தானம்.

கரைவரை ஊர்ந்து, சேற்றுக் கறுப்போடு எழுந்து நின்று, கடலைப் பார்த்து, "இப்ப வா!" என்று கத்துகிறேன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "கல்யாணத்துக்கு இப்டியேவா போவே?"

"இப்படியேதான். நானும் இப்ப உளுவைதான், ஈரம் காயறதுக்குள்ள பந்தியில உக்காரணும். வழிய விடும்மா!"