ஆறாவது குழியும் அண்ணியின் ஊசியும்

எங்கள் ஊர் கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது குழிகள் என்று வாசல் பலகையில் போட்டிருக்கும். நடந்து எண்ணிப் பார்த்தால் எட்டுதான் தேறும். ஒன்பதாவதற்கு இடம் போதாமல், மறுபடி முதல் குழியிலேயே வந்து போடும்படி ஏற்பாடு. மூன்றாவது குழிக்கு நடுவில் ரோடு போகிறது. பஸ் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பந்தை அடிக்க வேண்டும். நான்காவதில் கொடிக்கம்பம் முறிந்து போனதிலிருந்து ஒரு துடைப்பக் கட்டை நட்டுவைத்திருக்கிறோம். ஏழாவதில் ஒரே சரிவு. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து மேலே போய்க் கொஞ்சம் யோசித்துவிட்டு உங்கள் காலடிக்கே திரும்பி வந்துவிடும்.

இந்த மைதானத்துக்கு நான் செயலாளர். பிழைப்புக்கு மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இதெல்லாம் ஒரு மைதானமா, இதில் ஓர் ஆட்டமா என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் சண்டைக்குப் போவேன். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஆனால் துடைப்பக் கட்டையும் பஸ்ஸும் சில்லறைத் தொல்லைகள். எங்கள் மைதானத்தின் பெரிய தொல்லை ஆறாவது குழி. அங்கேதான் என் அண்ணி குடியிருக்கிறார்.

வீடு முதலில் இருந்தது, மைதானம் பிறகு வந்தது. சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் வாங்கியவர்கள் என் அண்ணனிடமும் வந்து கேட்டார்கள். அண்ணன் பிடி கொடுக்கவில்லை. அதனால் ஆறாவது குழிக்குப் போகும் பாதை நேராக வந்து, அண்ணன் வீட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வளைந்து போகிறது. பந்தை வளைத்து அடிக்கத் தெரிந்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை. எனவே எல்லோருடைய பந்தும் நேராக அண்ணன் வீட்டுக் கொல்லைக்குத்தான் போகும். அண்ணன் காலமான பிறகு அது அண்ணியின் கொல்லை.

இதற்கென்று ஒரு விதி உண்டு. ஆட்ட அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறோம். பந்து வீட்டுக்குள் விழுந்தால் அடித்தவரே போய் மணியடித்துக் கேட்க வேண்டும். வீட்டம்மா தன் கையால் பந்தை வெளியே வீசுவார். அது எங்கே விழுகிறதோ அங்கிருந்து ஆட வேண்டும். அப்பீல் கிடையாது.

மணியடித்ததும் பந்து வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணிக்குத் தையல் வேலை. முன்னறையில் மெஷின், பக்கத்தில் ஒரு பெஞ்சு, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் கால்சட்டைகளும் திரைச்சீலைகளும். பொறுக்கி வைத்த பந்துகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். "உள்ள வா" என்பார் அண்ணி. "கண்ணு சரியாத் தெரியல. இந்த ஊசியைக் கோத்துக் குடுத்துட்டு உன் பந்தை எடுத்துக்கோ."

ஊசியைக் கோப்பது சின்ன வேலைதான். ஆனால் இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும், கண் ஊசிக் காதிலேயே இருக்கும். அந்த நேரம் பார்த்து அண்ணி கேள்வி கேட்பார். அப்போது ஒருத்தருக்கும் பொய் சொல்ல வராது. எங்கள் பஸ் டிரைவர் அப்படித்தான் ஒரு முறை மாட்டினார். மனைவி ஓய்வுக்காகத் தாய்வீடு போயிருப்பதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தவர், நூல் நுனி காதுக்குள் நுழைவதற்குள் சண்டை நடந்ததைக் கக்கிவிட்டார். அண்ணி பந்தை எடுத்து, குழிக்கு நேர் எதிர்த்திசையில், மைதானத்தின் வெளிவாசலுக்குப் போய் விழும்படி வீசினார். "பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்தானே. அப்படியே போய்க் கூட்டிட்டு வா" என்றார். டிரைவர் அன்றைக்கு ஆட்டத்தை முடிக்கவில்லை, ஆனால் குடும்பம் ஒட்டிக்கொண்டது.

எங்கள் கிளப் தலைவர் பல் டாக்டர். அவர் பந்தை அண்ணி பெரும்பாலும் சாக்கடையில்தான் வீசுவார். அதற்கும் காரணம் உண்டு. அவர் ஐந்தாவது குழியில் யாரும் பார்க்காதபோது பந்தைக் காலால் தள்ளுவார். அண்ணி வீட்டு ஜன்னலிலிருந்து ஐந்தாவது குழி நன்றாகத் தெரியும்.

எனக்குத் தொழில்புத்தி சும்மா இருக்குமா. தூரத்தில் இருப்பது தெரிகிறது, ஊசிக் காது தெரியவில்லை என்றால் அது வயதானால் எல்லோருக்கும் வருவது. கடைக்கு வாருங்கள், ஒரு கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்று அண்ணியிடம் நச்சரித்தேன். "கண்ணாடி போட்டா மூக்கு அரிக்கும்" என்பார். காசு வேண்டாம் என்பேன். "ஓசின்னா இன்னும் அரிக்கும்" என்பார். கண்ணாடிக்கடைக்காரனின் அண்ணி கண் தெரியாமல் ஊரையே ஊசி கோக்க வைக்கிறார் என்பது என் வியாபாரத்துக்கு எவ்வளவு பெரிய விளம்பரம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் லீக்கிலிருந்து போன் வந்தது. சுற்றுவட்டார ஊர்களின் மைதானங்களில் வருடா வருடம் பந்தயம் நடத்துகிறவர்கள் அவர்கள். ஓர் இடம் காலியாம். எங்கள் மைதானம் ஆடத் தகுந்ததுதானா என்று பார்த்துச் சொல்ல ஒரு மேடத்தை அனுப்புகிறார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை வருட ஆசை.

"ஆறாவது குழிதான் நம்ம மானத்தை வாங்கும்" என்றார் பல் டாக்டர். "லீக்லேருந்து வர்ற அம்மாவைக் கூப்பிட்டு ஊசி கோக்கச் சொன்னா என்ன ஆகும்?"

யோசனை சொன்னது நான்தான். அண்ணி வீட்டைச் சுற்றிக் கம்பம் நட்டு உயரமாக வலை கட்டிவிட்டால் பந்து உள்ளே போகாது. லீக்குக்கு லீக்கும் ஆயிற்று, அண்ணிக்கும் தொல்லை தீர்ந்தது. பந்து விழும் ஒவ்வொரு முறையும் அண்ணி திட்டுவதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கெல்லாம் மனப்பாடம்.

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். துணி வெட்டிக்கொண்டிருந்த கத்தரி நின்றது.

"அப்ப பந்து வராதா?"

"ஒண்ணுகூட வராது அண்ணி. நிம்மதியா இருக்கலாம்."

"நல்லதாப் போச்சு" என்று மறுபடி வெட்டத் தொடங்கினார். "ஜன்னல் கண்ணாடி மாத்தியே அலுத்துப் போச்சு. நாலாவது குழிக்கு ஒரு கொடி தைச்சுத் தர்றேன், அந்தத் துடைப்பத்தைப் பிடுங்கிப் போடு."

பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

வலை வந்தது. பந்துகள் அதில் மோதிச் சரிந்து விழுந்தன. ஆறாவது குழி சட்டென்று முடிந்துபோனது. "என்ன செயலாளரே, ஆறாவது சப்புனு இருக்கு" என்றார் பஸ் டிரைவர். முறையான மைதானம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். எனக்கும் சப்பென்றுதான் இருந்தது.

மேடம் வருவதற்கு முந்தின நாள் கொடியை வாங்கிவரப் போனேன். கதவு திறந்திருந்தது. மணியில் கை வைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மூக்கில் கண்ணாடி.

நூல் நுனியை உதட்டில் நனைத்தார், ஊசியைத் தூக்கினார், ஒரே முறை, நூல் உள்ளே போய்விட்டது. கோத்த ஊசியைப் பஞ்சுப் பொதியில் குத்திவிட்டு அடுத்ததை எடுத்தார். அதுவும் ஒரே முறை. பொதி முழுக்கக் கலர் கலராக நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை ஊசிக்கு அங்கே வேலை கிடையாது. ஒவ்வொன்றையும் குத்திய பிறகு ஜன்னல் வழியே வலையைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். அந்தக் கண்ணாடி மார்க்கெட் முனையில் இருக்கும் என் போட்டிக் கடையுடையது. அந்தப் பிரேமின் கோணல் கீலை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். ஒரு பக்கம் திருகாணி விழுந்துபோய், அந்த இடத்தில் கறுப்பு நூலால் கட்டியிருந்தார். சொந்தக் கொழுந்தன் கடையை விட்டுவிட்டு அந்த ஆளிடம் போய் வாங்க வேண்டுமா என்று கொதித்தது. ஏன் அங்கே போய் வாங்கினார் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. என் கடையில் வாங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். கண்ணாடி போட்ட அம்மாவுக்கு யார் ஊசி கோத்துக் கொடுப்பார்கள்?

அண்ணன் போன பிறகு, மகளும் வேலைக்கு வெளியூர் போன பிறகு, அந்த வீட்டுக்கு நேரம் தவறாமல் வந்தவை பந்துகள்தான். பந்துக்குப் பின்னால் ஓர் ஆள். ஊசி கோக்கும் வரை அந்த ஆள் பெஞ்சில் இருப்பார். அதைத்தான் நான் வலை கட்டி நிறுத்திவிட்டு உபகாரம் என்று பேர் வைத்திருக்கிறேன்.

நாலடி பின்னால் போய்ச் செருமினேன். உள்ளே இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. நான் நுழைந்தபோது கண்ணாடி இல்லை, மூக்கின் இரண்டு பக்கமும் அதன் தடம் மட்டும் சிவப்பாக இருந்தது. கோத்து வைத்திருந்த ஊசி ஒன்றிலிருந்து அண்ணி அவசரமாக நூலை உருவினார்.

"நல்ல நேரத்துல வந்த தம்பி. கண்ணே தெரியல. இதைக் கொஞ்சம் கோத்துக் குடு."

கோத்துக் கொடுத்தேன். "வலை எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கு" என்றார். "சத்தமே இல்ல."

அன்று சாயங்காலம் பல் டாக்டரிடம் வலையைக் கழற்றலாம் என்றேன். உமக்கு மூளை கலங்கிவிட்டதா என்று கேட்டார். காரணத்தைச் சொல்ல எனக்கு வழியில்லை. அண்ணியின் குட்டு என்னால் உடையக் கூடாது. காற்றுக்குத் தாங்காது என்று ஏதோ உளறினேன். அவர் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் டிரைவரைக் கூட்டிக்கொண்டு ஏணியோடு போனேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவே இல்லை. "அந்த ஊசியைக் கோக்காம கையே என்னவோ மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு முடிச்சுகளை அவிழ்த்தார். வலையைச் சுருட்டி முடித்தபோது பல் டாக்டரும் மேடமும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். மேடத்தின் முன்னால் கத்த முடியாமல் டாக்டர் பல்லைக் கடித்தார். நோயாளிகளிடம் கூடவே கூடாது என்று அவர் சொல்லும் காரியம் அது.

மேடம் நன்றாக ஆடினார். மூன்றாவதில் பஸ்ஸுக்கு வழிவிட்டார். நான்காவதில் புதுக் கொடியைத் தொட்டுப் பார்த்து, தையல் நன்றாக இருக்கிறது என்றார். ஆறாவதில் வந்து நின்றார், ஓர் அடி. பந்து அழகாக வளைந்து அண்ணி வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கொடியடியில் விழுந்தது. எங்கள் மைதானத்தில் இதுவரை நடக்காத அதிசயம். எனக்கோ கைதட்ட மனம் வரவில்லை. வலையைக் கழற்றியும் பந்து உள்ளே போகவில்லையே.

மேடம் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். "இது என்ன விதி?"

சொன்னேன். கொஞ்ச நேரம் வீட்டைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்துக் கீழே வைத்து, நேராகக் கொல்லைக்குள் அடித்தார். "சோதிச்சுப் பாக்காம நான் எதையும் சொல்றதில்ல" என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போனார்.

போனவர் வரவில்லை. டாக்டர் நகத்தைக் கடித்தார், டிரைவர் புல்லில் படுத்துவிட்டார். கடைசியில் ஜன்னலிலிருந்து ஒரு பந்து பறந்து வந்து, கொடிப் பக்கமே போகாமல், மரத்தடி பெஞ்சின் கீழே விழுந்தது. பின்னாலேயே மேடம் வந்தார்.

"முட்டி வலியோட நடக்கறேன்னு உங்க அண்ணி கண்டுபிடிச்சுட்டாங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். "கொஞ்ச நேரம் உக்காந்துட்டு அடிக்கணுமாம்." காலையிலிருந்து கூடவே நடந்த எங்களில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆமா, நீங்க கண்ணாடிக் கடைதானே வச்சிருக்கீங்க? அந்தம்மாவுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியல. வீட்டு மனுஷங்களை இப்படியா கவனிக்காம விடறது?"

"சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க மேடம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆட்டம் முடிந்ததும் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். பந்தயத்துக்கு இந்த மைதானம் லாயக்கில்லை. குழி ஒன்று குறைகிறது, ரோடு குறுக்கே போகிறது, ஆறாவதில் பந்து எங்கே விழும் என்பது ஒரு தையல்காரம்மாவின் மனசைப் பொறுத்திருக்கிறது. டாக்டர் முகம் தொங்கிவிட்டது. என் முகமும்தான், பொய் சொல்ல மாட்டேன். மேடம் வண்டியில் ஏறும் முன், வெளியூர்க்காரர்கள் சும்மா வந்து ஆடலாமா, வாராவாரம் வந்தால் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். தாராளமாக வரலாம் என்றேன்.

வலை இப்போது பல் டாக்டர் வீட்டில் அவரைக்கொடி படர உதவுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறாவது குழியில் என் பந்தும் ஒழுங்காகக் கொல்லைக்குள் போனது. மணியடித்தேன். உள்ளே போய், சட்டைப் பையிலிருந்து கடையில் நான் பயன்படுத்தும் பொடி ஸ்க்ரூ டிரைவரையும் இரண்டு திருகாணிகளையும் எடுத்து மெஷின் மேல் வைத்தேன்.

"என்னது?"

"சும்மா. மெஷினுக்கு ஆகும்னு கொண்டாந்தேன்."

மெஷினுக்கு ஆகிற அளவா அது? அண்ணி திருகாணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இழுப்பறையில் போட்டு மூடினார். பிறகு பஞ்சுப் பொதியிலிருந்து ஓர் ஊசியைப் பிடுங்கி நீட்டினார்.

"கோத்துக் குடு. கண்ணு தெரியல."

பெஞ்சில் வசதியாக உட்கார்ந்தேன். ஊசியை வெளிச்சத்துக்கு உயர்த்தினேன். காது பளிச்சென்று தெரிந்தது. நூலை அதன் பக்கத்தில் கொண்டுபோய்த் தவறவிட்டேன். நுனியை நனைத்து மறுபடி தவறவிட்டேன். வெளியே டிரைவர் சீக்கிரம் வரச்சொல்லிக் குரல் கொடுத்தார், நான் திரும்பவில்லை. நாலாவது முறையும் நூல் வழுக்கியபோது அண்ணி கையிலிருந்த துணியை மடியில் வைத்துவிட்டு, முகவாயில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இவன் வச்சிருக்கான் பாரு," என்றார், "கண்ணாடிக் கடை."