பாதி யானை

எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஸ்காபரோவில் இன்று என் பெயரில் மூன்று சாப்பாட்டுக் கடைகள் ஓடுகின்றன. இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேராவது என் கடை மீன் ரோல்ஸைத் தின்றிருப்பீர்கள். வங்கிக்குப் போனால் மனேஜர் எழும்பி வந்து கதிரை தருகிறார். ஊர்ச்சங்க விழாவில் மேடையில் ஏற்றி மாலை போடுகிறார்கள். அப்போதெல்லாம், இந்த அம்மா ஒன்றுமே இல்லாமல் தொழில் தொடங்கியவர் என்று யாராவது ஒலிவாங்கியில் சொல்வார்கள். அது பிழை. நான் ஆபிரிக்காவை வைத்துத் தொழில் தொடங்கியவள். பதினொரு வயதில். ஆபிரிக்காவைக் கண்ணாலும் காணாமல்.

தொண்ணூற்றொன்றில் நாங்கள் மல்வேர்னில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அந்த வருடம் பனி கொட்டத் தொடங்கிய நேரம், அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, நைரோபி வழியாக வந்து இறங்கினார். வழியாக என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எட்டு மாதம் அங்கே கிடந்துவிட்டுத்தான் வந்தார். கனடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் அந்த நாளில் யாரையும் நேரே அனுப்பமாட்டார்கள். ஏதாவது ஒரு நாட்டில் கொண்டுபோய் வைத்திருந்து, வசதி வாய்க்கும்போது அடுத்த விமானத்தில் ஏற்றுவார்கள்.

சித்தப்பா கொண்டுவந்த சொத்து ஒரு தோள்பை, முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெற்றர், ஒரு போட்டோ அல்பம்.

அல்பத்தைத் திறந்த அன்று எனக்குப் பசிகூட வரவில்லை. மஞ்சள் புல்லில் ஒரு சிங்கம் படுத்திருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் வரிசையாக மாடிக் கட்டடங்கள். நகரத்தின் ஓரத்திலேயே காடாம், காலையில் சுற்றுலா வான் வண்டியில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாமாம். இன்னொரு படத்தில், மர மேடையில் நின்ற சித்தப்பாவின் கையை ஒட்டகச்சிவிங்கி நக்கியது. நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்குப் போல அதன் நாக்கு ஊதாவாக இருந்தது. ஒரு மலை விளிம்பில் நின்றால் கீழே பூமி பிளந்து கிடந்தது. பல இனத்தவர்களின் குடிசைகளைக் கட்டிவைத்து அவர்களுடைய ஆட்டத்தைக் காட்டும் இடத்தில், மணிமாலை போட்ட ஆண்கள் முழங்கால் மடக்காமல் வானத்துக்குத் துள்ளினார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது தாயில்லாத யானைக்குட்டிகளை வளர்க்கும் இடம். சிவப்புச் சேற்றில் உருண்டுவிட்டு வந்து, குட்டிகள் போத்தலில் பால் குடிக்கும். அதில் ஒன்றுக்கு இடது காதில் கிழிசல். அந்தக் குட்டி மட்டும் ஏழு படங்களில் இருந்தது. முதல் படத்தில் அது அன்ரிக்கு இடுப்பளவு. கடைசிப் படத்தில் நெஞ்சளவு.

அன்ரி என்று சொன்னேன் அல்லவா. சித்தப்பா நின்ற எல்லாப் படங்களிலும் அவரோடு ஓர் அன்ரி நின்றார். சேலை, குங்குமம், வெளியே தெரியும்படி எடுத்துவிட்ட தாலிக்கொடி. யார் என்று கேட்டதற்கு, எங்களோடு வந்த ஓர் ஆள் என்றார் சித்தப்பா. அல்பத்தை ஆருக்கும் காட்டப்படாது என்றும் சொன்னார்.

பின்னாளில் அம்மா சொல்லித் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறைக்குள் அடைந்து கிடக்கிற தமிழர்களைத்தான் அங்கே பொலிஸ் வந்து அள்ளிக்கொண்டு போகுமாம். மிருகம் பார்க்க வந்தவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆகவே, நீங்கள் மிருகம் பார்க்க வந்தவர்களாகவே இருங்கோ என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். சித்தப்பாவையும், ரொறன்ரோவில் இருந்த ஒரு மாப்பிள்ளைக்குப் பேசி அனுப்பப்பட்ட ஒரு பிள்ளையையும், கலியாணம் முடித்துத் தேனிலவுக்கு வந்த சோடி என்று சேர்த்து, பாஸ்போர்ட் புத்தகமும் செய்து கொடுத்தான். தாலிக்கொடி அவன் கொடுத்த கவரிங். அறையின் நடுவே ஒரு சேலையைக் கட்டி இரண்டாகப் பிரித்திருந்தார்களாம். காலையில் வானில் ஏறவேண்டும், எதையாவது பார்க்கவேண்டும், சிரித்துக்கொண்டு நிற்கவேண்டும், வான்காரன் படம் எடுக்கவேண்டும். விமான நிலையத்தில் மறித்தால் காட்டுவதற்குத்தான் அல்பம். பயண ஒழுங்கு தள்ளித் தள்ளிப் போனதில் பார்த்த மிருகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எட்டு மாதத் தேனிலவு எந்த ராசாவுக்கு வாய்த்திருக்கிறது?

கடைசியில் இடைவழியில் ஒரு நாட்டில் வைத்து ஏஜென்சி இருவரையும் பிரித்தது. அந்தப் பிள்ளை முதலில் வந்து, தனக்குப் பேசிய மாப்பிள்ளையைக் கட்டினார். இன்னொருவனுக்குப் பெண்சாதியாக எட்டு மாதம் ஊர் சுற்றினவள் என்ற கதை வெளியே வந்தால், அன்றைய ரொறன்ரோவில் அந்தக் கலியாணம் ஒரு கிழமை தாங்காது. பெரியவர்களுக்கு இது தெரியும், மாப்பிள்ளை யார் என்று மட்டும் தெரியாது. எனக்குத் தெரிந்தது யானை மட்டும்தான்.

சித்தப்பா வேலைக்குப் போன நேரங்களில் அல்பம் என் கைக்கு வந்தது. கட்டடத்தின் அடித்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை. பின்னேரங்களில் ஆறேழு பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், ஓடிக்கொண்டிருக்கும் மெசின்களுக்கு மேல் ஏற்றி இருத்துவேன். அதுதான் வான். மெசின் பிழியத் தொடங்கியதும் எல்லாரும் குலுங்குவார்கள். அது காட்டுப் பாதை. "இடப்பக்கம் பாருங்கோ, சிங்கம். கையை வெளியிலை போடாதேங்கோ" என்று ஒவ்வொரு படமாகத் திருப்புவேன். கட்டணம் ஆளுக்கு ஒரு பிடி சிப்ஸ். இன்றைக்கு நைரோபியில் வான் ஓட்டுகிறவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காகக் கூட்டிப்போவதில்லை. இதை நான் பிறகு நேரில் போய்ப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசிப் படம் மட்டும் எனக்கு ஒரு குறை. அதில் காது கிழிந்த குட்டி ஓரத்துக்குப் போய்விட்டது. பாதி உடம்பும் ஒரு காதும்தான் வந்திருந்தன, தும்பிக்கையே இல்லை. வான்காரனுக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று ஏசித்தான் ஒவ்வொரு சுற்றுலாவையும் முடிப்பேன்.

என் தொழிலைக் கெடுத்தவன் ஏழாம் மாடிப் பெடியன். சிங்கமும் மாடிக் கட்டடமும் எப்படி ஒரே படத்தில் வரும் என்று கேட்டான்.

"உது வெட்டி ஒட்டினது. உன்ரை சித்தப்பா ஆபிரிக்காப் பக்கமே போயிருக்கமாட்டார்."

அடுத்த நாள் மெசினில் ஏற இரண்டு பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த நாள் ஒருவரும் இல்லை. வாடிக்கையாளர்கள் விட்டுப்போகும் வலி என்னவென்று நான் அந்த வயதிலேயே படித்துவிட்டேன்.

மாசி மாதம் என் தம்பிக்கு மூன்றாவது பிறந்தநாள் வந்தது. கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டில். அப்பா தன்னோடு பாண் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவரையும், அவர் புதிதாகக் கட்டிய மனைவியையும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து அழைத்திருந்தார். அவர்கள் வாசலில் நின்று சப்பாத்தில் பனியைத் தட்டினார்கள். அந்த அம்மா தலையில் சுற்றியிருந்த சால்வையை எடுத்தார்.

யானை அன்ரி.

சித்தப்பா பற்றீஸ் தட்டோடு குசினியிலிருந்து வந்துகொண்டிருந்தார். அப்பா அறிமுகம் செய்துவைத்தார். சித்தப்பா வணக்கம் என்றார். அன்ரியும் வணக்கம் என்றார். எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை. வாங்கோ, இருங்கோ, அவ்வளவுதான். மேடையில் பேசுகிறவர்களைப் போல இவர்கள் ஏன் பேசுகிறார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குமேல் யோசிக்க எனக்கு நேரம் இல்லை. எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. ஏழாம் மாடிப் பெடியன் அங்கேதான் கேக்குக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

ஓடிப்போய் அல்பத்தை எடுத்துவந்து, கடைசிக்கு முந்தின படத்தைத் திறந்து, அன்ரியின் மடியிலேயே வைத்தேன். "இவவைக் கேட்டுப் பாருங்கோ. இவவும் சித்தப்பாவோடை ஆபிரிக்காவிலை நிண்டவ" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன்.

அன்ரி படத்தைப் பார்த்தார். அவருடைய கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"இது நானில்லைப் பிள்ளை."

"நீங்கள்தான். சித்தப்பா, சொல்லுங்கோவன்."

சித்தப்பா தட்டை வைக்க இடம் தேடினார். எனக்கு ஒருநாளும் பொய் சொல்லாத மனிதர். "அது வேறை ஆள். எங்களோடை வந்த ஆற்றையோ மனிசி" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அம்மா என் தோளைப் பிடித்தார். பிடித்த பிடியில் நகம் பதிந்தது. நான் விடுவேனா? வேறு ஆள் என்றால் மூக்குக்குப் பக்கத்தில் இதே மச்சம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

அறையில் பெரியவர்கள் யாரும் மெல்லவில்லை. அப்பா எழும்பப் பார்த்தார். அதற்குள் அன்ரியின் கணவர் கையை நீட்டினார்.

"இஞ்சை கொண்டா பிள்ளை, பாப்பம்."

அவர் அல்பத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, மலை, ஆட்டக்காரர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். என் சுற்றுலாவில் அவ்வளவு கவனமாகப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. சித்தப்பா தட்டோடு அப்படியே நின்றார். அன்ரி தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யானைப் படங்கள் வந்ததும் கணவர் முன்னுக்கும் பின்னுக்கும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். கடைசிப் படத்தில் கனநேரம் நின்றார்.

"யானைக்குட்டி நல்லா வளந்திட்டுது" என்றார்.

பிறகு அல்பத்தை மூடி என்னிடம் தந்துவிட்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். "எங்கட ஆள் நாய்க்குட்டியைக் கண்டாலே கதிரைக்கு மேலை ஏறி நிக்கிறவ. யானைக்குக் கிட்டப் போவாவே?"

வீடே சிரித்தது. அப்பா தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். ஏழாம் மாடிப் பெடியன் என்னைப் பார்த்துப் புளுகி என்றான். அந்தப் பெயர் கட்டடத்தை விட்டு நாங்கள் போகும்வரை எனக்கு நிலைத்தது. கேக் வெட்டினார்கள். அன்ரியின் கணவர் ஒரு துண்டை எடுத்து முதலில் அன்ரியின் கையில் கொடுத்தார். சித்தப்பாவைக் கூப்பிட்டு, தம்பி நீரும் சாப்பிடும் என்றார்.

போகும்போது வாசலில் அவர் குந்தியிருந்து அன்ரியின் சப்பாத்து ஸிப்பை இழுத்துப் பூட்டினார். அந்த நாளில் எங்கள் ஆண்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அன்ரி சிரிக்கவில்லை. அவருடைய கை ஒருகணம் கணவரின் தலையில் பட்டுத் திரும்பியது. நான் அழுது வீங்கிய முகத்தோடு அல்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எனக்கு யாராவது ஒருவர் நியாயம் சொல்லவேண்டியிருந்தது. கடைசிப் படத்தில் பாதி யானைதான் வந்திருக்கிறது, வான்காரனுக்குப் படம் எடுக்கத் தெரியாது, அதனால்தான் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை என்று அன்ரியின் கணவரிடம் முறையிட்டேன்.

அவர் குந்தியிருந்தபடியே என்னைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. அவனுக்குப் படம் எடுக்கத் தெரியேல்லை."

மறுநாள் எனக்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. சித்தப்பா அல்பத்தை என் புத்தகப் பைக்குள் வைத்து, இனி நீயே வைத்திரு என்றார். பிறகு அவரும் கலியாணம் செய்தார், இரண்டு பிள்ளைகள், ரூஜ் பக்கம் வீடு. மிருகக்காட்சிச்சாலை அவர் வீட்டிலிருந்து காரில் ஐந்து நிமிடம். பிள்ளைகளை எப்போதும் சித்திதான் கூட்டிப்போவார்.

மூன்றாவது கடையைத் திறந்த வருடம் நானும் என் கணவரும் நைரோபிக்குப் போனோம். யாருடைய தயவிலும் அல்ல, என் சொந்தக் காசில், எங்களுக்கென்று தனி வான் பிடித்து. யானைக்குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் நேரம், வான்காரனிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். கடை கடை என்று ஓடிய இருபது வருடத்தில் நானும் கணவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற பழக்கம் இல்லை. நடுவில் இன்னொருவர் நிற்கலாம். யானை இருக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் கிட்ட வாருங்கள் என்று அவன் கையைக் காட்டிக்கொண்டே இருந்தான். வந்த படத்தைப் பார்த்தால் யானை பாதிதான். ஏச வாயைத் திறந்த நான் அப்படியே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்புப் பெட்டியைத் திறக்காமல் அல்பத்தைத் திறந்தேன். யானைப் படங்கள் ஏழையும் வரிசையாகப் பார்த்தேன். முதல் படத்தில் குட்டி நடுவில். சித்தப்பா ஒரு கரை, அன்ரி மறு கரை, பள்ளிக்கூடப் படத்துக்கு நிற்பதுபோல. மூன்றாவதில் குட்டி கொஞ்சம் விலகியிருந்தது. ஐந்தாவதில் இருவரும் ஒரே பக்கத்தில். கடைசிப் படத்தில் காற்று அன்ரியின் சேலைத் தலைப்பைச் சித்தப்பாவின் தோளில் போட்டிருக்கிறது, இருவரும் அதை எடுக்கவில்லை. வெளியே விட்டிருந்த தாலிக்கொடியும் சட்டைக்குள் போய்விட்டது. இருவரும் கமராவையே மறந்திருந்தார்கள். ஓரத்தில் பாதி யானை.

அந்த வான்காரனை எத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் ஏசியிருப்பேன். வாசலில் குந்தியிருந்த மனிதர் ஓம் என்று சொன்னபோது, இந்த வீட்டில் என் பக்கம் ஒருவராவது இருக்கிறாரே என்று நான் சந்தோஷப்பட்டேன்.