எரிவாயுக் குழாய்க்கு என் இரண்டு கையெழுத்துகள்

இன்று காலை திண்டிவனம் பஸ்ஸில் எங்கள் ஊர் செல்வி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உப்பளத்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு, எரிவாயுக் குழாயை எதிர்த்து கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறாராம்.

“படிச்சவன் நீ. தப்பு எதுனா இருக்குதான்னு பாருப்பா.”

‘எங்கள் ஊரில் ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை’ என்று எழுதியிருந்தது.

போன வாரம்தான் ஊர்க் கட்சிக்காரர் கூப்பிட்டனுப்பியதால் அவர் வீட்டுக்குப் போய், மறுத்துப் பேசப் பயந்து, எங்கள் வயலில் குழாய் பதிக்கச் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

“தப்பு ஒண்ணும் இல்லக்கா.”

“அப்ப நீயும் ஒரு கையெழுத்து போடு.”

போட்டேன்.

“உங்க தெருவுல நீ ஒருத்தன்தான்பா பயப்படாம போட்ட.”

அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். நான் இறங்க வேண்டிய இடம் அது இல்லை.

கலெக்டர் எந்தக் காகிதத்தை முதலில் படிப்பார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.