பக்கத்துக் கொட்டகைக்குப் போன மாத்திரை

வீடு தேடிப் போய் மருந்து கொடுக்கும் திட்டம் வந்தபோது அதை முழுமனதோடு நம்பிய நர்சுகளில் நானும் ஒருத்தி. குடியிருப்பது செங்கல்பட்டில். எனக்கு ஒதுக்கிய பகுதி மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கடலோரக் குப்பங்கள். பிரஷரும் சர்க்கரையும் உள்ளவர்கள் ஒரு நாள் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டாம், நாங்களே ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு போவோம். இதைவிட நல்ல மாற்றம் என்ன வந்துவிடப் போகிறது என்று அப்போது நினைத்தேன்.

அதில் ஒரு குப்பத்தின் கடைசி வீட்டில் ஒரு அக்கா. முன்பு கூடையில் மீன் விற்றவர். கால் மரத்துப்போன பிறகு வீட்டோடு இருக்கிறார். அவர் வீட்டை ஒட்டி ஒரு மதில். அதற்கு அந்தப் பக்கம் ஏதோ சொகுசு விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. வேலையாட்கள் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள். நான் மாதாமாதம் அந்த மதில் வரைக்கும் போய்த்தான் வண்டியைத் திருப்புவேன்.

நல்ல கட்டுக்குள் இருந்த அக்காவின் சர்க்கரை மழைக்காலத்துக்குப் பிறகு ஏற ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போனது.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாக்கா?"

"இன்னா சிஸ்டர் இப்டி கேக்கற? போட்டுகினுதான் கீறேன்."

எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொன்னேன். மாத்திரையின் அளவைக் கூட்டினார். அப்படியும் இறங்கவில்லை. மறுபடியும் கூட்டினார்.

ஒருமுறை பயிற்சி வகுப்பு இருந்ததால் வழக்கமான நாளுக்கு முன்னாலேயே அங்கே போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளைக் கத்தரிக்கோலால் பாதி பாதியாக வெட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பெண் முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள். வெட்டிய பாதி அதில் விழுந்தது.

என் நிழல் விழுந்ததும் இருவரும் நிமிர்ந்தார்கள். அக்காதான் பேசினார்.

"கத்தாத சிஸ்டர். இவளுக்கும் சக்கர. மதிலுக்கு அந்தாண்ட கொட்டாயில கீறா. கண்ணு இருட்டிகினு வருதுன்னு வந்து நின்னா. எனுக்கு குடுக்கறதுல பாதி குடுத்தேன், அவ்ளோதான்."

எனக்குக் கோபம் வரவில்லை. மனசில் கணக்குதான் ஓடியது. பாதி மாத்திரை போடுகிறவருக்குத்தான் நாங்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம். என்றைக்காவது அவர் முழுசாகப் போட்டிருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, ஆளில்லாத அந்த வீட்டில் மயங்கிக் கிடந்திருப்பார். உதவி செய்ததால்தான் உயிரோடு இருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம். அதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பெண் பக்கம் திரும்பினேன். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கணவனோடு சித்தாள் வேலைக்கு வந்தவள்.

"நீ ஏம்மா ஆஸ்பத்திரிக்கு வரல?"

"எங்க ஊரு ரேஷன் அட்டை இங்க செல்லாதும்மா. வந்த புதுசுல ஒரு கேம்புக்குப் போனேன். மேசை போட்டு ஒக்காந்திருந்தவரு, உங்க ஊர்லயே போய்ப் பாத்துக்கோன்னுட்டாரு."

"யாரு அவரு?"

"தெரிலம்மா. சட்டை பேண்ட்டு போட்டிருந்தாரு."

"அரசு ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்க அட்டையே வேணாம்மா. எந்த ஊர்க்காரங்க வந்தாலும் குடுப்பாங்க."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். அக்காதான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இவ சும்மாவே வந்து வாங்கியிருக்கலாமா?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. அவளுடைய வலது காலில் துணி சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தாள். ஆணி குத்தியதாம், சிமெண்டுத் தண்ணீர் படக்கூடாதென்று பையாம். அவிழ்த்தேன். நான் பல வருஷமாகப் புண் கட்டுகிறவள். வார்டில் இதைவிட மோசமானதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் படுக்கையில் கிடந்தவர்கள்; இவள் நடந்து வந்தவள். இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன. அவற்றின் நடுவே புழு நெளிந்தது.

"வலிக்கலியா உனக்கு?"

"மரத்துப்போச்சும்மா. நடக்கறதுக்கு ஒண்ணும் தொந்தரவில்ல. நேத்துகூட கல்லு தூக்கினேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள்.

108-ஐக் கூப்பிட்டு, நானும் கூடவே ஏறிக்கொண்டேன். அவள் வழியெல்லாம் கேட்டது ஒன்றே: "தொரத்திட மாட்டாங்களே?" செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பேரும் வயசும் கேட்டார்கள், படுக்கை கொடுத்தார்கள். அட்டை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் அதையே எதிர்பார்த்து, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கையில் இறுகப் பிடித்திருந்தாள். அந்த இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் அறுவைசிகிச்சை டாக்டர். கால் பிழைத்தது.

அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் பகுதியில் ஒரு வீடுகூட விடுபடவில்லை என்று வாசித்தார்கள். கை தட்டினார்கள். நான் எழுந்து கொட்டகைகளைப் பற்றிக் கேட்டேன்.

"அதுக்குக் கதவு எண் இல்லையேம்மா. அதனால கணக்குல வராது" என்றார் அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே அவருக்கு அது பதிலாகத் தோன்றியது. வீடு தேடிப் போகும் மருந்து, வீடென்று எதைச் சொல்கிறோம் என்பதில் மாட்டிக்கொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

கூட்டம் முடிந்ததும் எங்கள் டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். அக்காவின் விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. "நீங்க மதிலுக்கு அந்தப் பக்கமும் போங்க சிஸ்டர். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

போனேன். கொட்டகைக்குக் கொட்டகை பிரஷர் பார்த்தேன். கையில் பட்டையைக் கட்டியதும் ஒருவர், "இதுல ஏதாவது காட்டினா எங்க ஊருக்குத் திருப்பி அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவுக்கு மாத்திரை பழைய அளவுக்கு வந்தது, சர்க்கரையும் இறங்கியது. விடுதி வேலை முடிந்ததும் அந்தப் பெண்ணின் குடும்பம் சிறுசேரிப் பக்கம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. போகும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டாள். மருந்துப் பையோடு பாதி ரோட்டில் வண்டியை நிறுத்தி எடுத்தேன். "இங்க ஆஸ்பத்திரிக்கு நானே போனேம்மா. மாத்திரை குடுத்தாங்க. ஆனா எங்க கொட்டாயில இருக்கறவங்க யாரும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கறாங்க. இங்கயும் யாரோ வந்து, அட்டை செல்லாதுன்னு சொல்லியிருக்காங்களாம்."



"நீ என்ன சொன்ன?"

"செருப்பக் கழட்டி என் காலக் காட்டினேம்மா. நாளைக்கு ரெண்டு பேரு என்கூட வராங்க."