மதலேனாவிடம் யார் சொல்வது

அலுவிகாரையில் எங்கள் லேனில் யார் செத்தாலும் அந்த வீட்டுக்காரர் வருகிறவர்கள் உட்காரக் கதிரை தேடி அலையக் கூடாது. இது மதலேனாக்கா போட்ட சட்டம். அவருடைய கணவர் இறந்த அன்று அவரே வீடு வீடாகப் போய்க் கதிரை கேட்டு, வந்தவர்களுக்கு அவரே தேத்தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தாராம். கைப்பிள்ளை ரஜீவ் இடுப்பில். துக்கச் சேலையைக்கூட மாற்றாமல் அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டித்தான் எங்கள் மரண உதவிச் சங்கத்தைத் தொடங்கினார்.

அப்போது நான் கல்யாணமாகி இந்த லேனுக்கு வந்த புதிது. முஸ்லிம் வீட்டு மையித்துக்கு உங்கள் கதிரை எதற்கு என்று என் மனுசன் சாலிஹ் முறுக்கிக்கொண்டார். பிறகு என் மாமனார் மவுத்தானார். அன்று பார்த்துக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கிணற்றடியிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் ஆட்களை வரிசையாக நிறுத்தி, மையித்தைக் குளிப்பாட்ட வாளி வாளியாகத் தண்ணீர் அனுப்பியவர் மதலேனாக்காதான். அதோடு சாலிஹ் வாயை மூடினார். கொஞ்ச நாளில் சங்கத்துக்கே தலைவரானார். அக்கா எந்தப் பதவியும் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் தலைவர் உட்பட எல்லோரையும் அதட்டி வேலை வாங்கியது அவர்தான்.

வாசலில் நிழலுக்குத் தறப்பாள் கட்ட, வெள்ளைக் கொடி தொங்கவிட, கதிரை இறக்க, தேத்தண்ணீர் ஊற்ற, குழி வெட்ட என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வைத்திருந்தார். கூடி நின்று அழுதுகொண்டிருக்கக் கூடாது, அவரவர் வேலையைப் பார்க்கணும் என்பார். ஒரே ஒரு வேலையை மட்டும் அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தோ ரோட்டிலிருந்தோ மரணச் செய்தி வந்தால், அதை வீட்டாரிடம் சொல்ல அவர்தான் போவார். பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொல்வார். சொல்லிவிட்டு எழுந்து வரமாட்டார், அங்கேயே இருப்பார்.

கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்த ரஜீவ் போன வருடம் அங்கே ஒரு வாகன விபத்தில் இறந்துபோனான். அக்காவுக்கு ஒரே பிள்ளை. செய்தி சாலிஹின் போனுக்கு வந்தது. அந்நேரம் அக்காவும் நானும் பல்லேபொலையில் கூலிக்கு மிளகு புடைத்துக்கொண்டிருந்தோம். வேலை நேரத்தில் போன் பைக்குள்ளேயே கிடக்கும்.

லேனில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழகியதைச் செய்தார்கள். பிரேதப் பெட்டி கட்டாரிலிருந்து வந்து சேர எத்தனையோ நாள் ஆகும், அன்றைக்கே தறப்பாள் எதற்கு, கதிரை எதற்கு? ஒருத்தராவது பஸ் ஏறி எங்களிடம் வந்திருக்கக் கூடாதா? ஆளாளுக்குத் தன் வேலையில் மும்முரமாக இருந்தார்கள். அக்காவிடம் சொல்வது யாருடைய வேலையும் இல்லை.

பின்னேரம் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது லேன் முகப்பில் வெள்ளைக் கொடி தொங்கியது.

"வின்சன்ட் அண்ணன் போய்ட்டாரு போல றமீஸா," என்றார் அக்கா.

வின்சன்ட் அண்ணன் மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தார். கொடிக்கயிறு தொய்ந்து கிடக்கிறது என்று ஏசினார். லொறியிலிருந்து கதிரை இறக்கிக்கொண்டிருந்த ஷிஃபானிடம், கால் ஆடுகிற கதிரைகளை ஒதுக்கி வைக்கச் சொன்னார். அவன் நிமிரவே இல்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது என்று, தானே இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வின்சன்ட் அண்ணன் வீட்டுக்குள் போனார்.

வின்சன்ட் அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்காவின் கையில் கதிரைகளைக் கண்டதும் அவருடைய வாய் கோணிக்கொண்டது.

"நான் இருக்கேன் மதலேனா," என்றார். "எனக்கில்லம்மா."

அப்படியென்றால் யார் என்று அக்கா கேட்டார். அவரால் சொல்ல முடியவில்லை, விக்கி விக்கி அழுதார். அக்கா வெளியே வந்து பார்த்தார். லேன் கடைசியில் தறப்பாள் தெரிந்தது. யா அல்லாஹ், அது அக்காவுடைய வாசல். அந்தக் குடும்பத்தில் இரண்டே பேர். ஒருவர் கதிரையோடு என் பக்கத்தில் நிற்கிறார்.

கதிரைகளை வாங்கப் பார்த்தேன், அக்கா தரவில்லை. தன் வாசல் வரைக்கும் தானே சுமந்து கொண்டுபோய்த் தறப்பாளுக்குக் கீழே வைத்தார். எல்லோரும் கை வேலையை நிறுத்திவிட்டார்கள். அக்கா சாலிஹைப் பார்த்தார். அவர் மெல்ல ரஜீவின் பேரைச் சொன்னார், கட்டாரில் வாகனம் புரண்டதைச் சொன்னார்.

"இத்தன பேரு இருக்கீங்க," என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. "ஒருத்தருக்கும் எங்கிட்ட வந்து சொல்ல ஏலாமப் போச்சா?"

அக்கா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. சாலிஹிடம் கேட்டார்.

"கடைசில எம்புள்ள கூட யாராச்சும் இருந்தாங்களா?"

சாலிஹுக்குத் தெரியவில்லை. அவர் அதைக் கேட்டிருக்கவில்லை. செய்தி வந்ததும் போனை வைத்துவிட்டுக் கதிரைக்கு லொறி பிடிக்கப் போயிருந்தார்.