மண்ணெண்ணெயில் கழுவிய பேரிங்

எந்தச் சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவாமல் காரில் மாட்ட மாட்டேன். மயிலாப்பூரில் என் ஷெட்டுக்குப் பெயரே அந்தச் சுத்தத்தால்தான். அந்தக் கர்வத்தில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது யுத்த காலம். டாக்சி ஓட்டும் கபூர், தேய்ந்துபோன கிளட்ச் பிளேட்டையும், பெடலை மிதித்தால் கிளட்சை விலக்கும் பேரிங்கையும் மாற்ற வந்தான். எங்கெங்கோ அலைந்து இரண்டையும் அவனே புதிதாக வாங்கி வந்திருந்தான். பேரிங்கில் கிரீஸ் பிசுபிசுத்தது. வழக்கம்போல் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன்.

“கண்ணாடி மாரி கீதே நைனா!” என்று சிரித்தான்.

எட்டாம் நாள், பிரசவ வலியில் துடித்த மனைவியைத் திருவான்மியூரிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தான். அடையாறு பாலத்தருகே பேரிங் இறுகிவிட்டது. கிளட்ச் விலகவில்லை, கியர் விழவில்லை. கைரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது.

வண்டியை இழுத்து வந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். பேரிங் காய்ந்து, நீலம் பாரித்துக் கிடந்தது. உள்ளே அடைத்து வரும் கிரீஸ்தான் அதற்கு உயிர். அதை நான்தான் கழுவி ஊற்றியிருந்தேன்.

“இன்னா ஆச்சு நைனா?” என்றான் கபூர்.

“சாமான் மட்டம்ப்பா” என்றேன்.

“வுடு. அதுக்கு நீ இன்னா பண்ணுவே? நான்தான் பாத்து வாங்கல” என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

அவன் போனதும் மண்ணெண்ணெயில் கையைக் கழுவினேன்.

தான் வாங்கிய பேரிங்தான் பிள்ளையைக் கொன்றது என்று கபூர் சாகும்வரை நம்பினான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.